அட்ரீனலில் ஒரு கட்டி: கத்தியா, மாத்திரையா, சும்மா விடுவதா?

கல் வலி என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடிய என் மச்சானுக்கு, கல்லைவிடப் பெரிய கவலை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கல் சின்னது, தண்ணீர் குடித்தால் தானே இறங்கிவிடும். ஆனால் சி.டி. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், இடது அட்ரீனல் சுரப்பியில் 18 மி.மீ. கட்டி என்று இருந்தது. மறுநாள் காலையில் சர்ஜன் வந்தார். மூன்று நான்கு துளை போட்டு லேப்பராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம், அடுத்த வியாழக்கிழமை தேதி இருக்கிறது, இன்சூரன்ஸ் பணம் கட்டும் என்ற உத்தரவாதக் கடிதத்தை (ஜி.எல்.) நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.

அன்று சாயங்காலம் பட்டர்வொர்த்திலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "மாமா, வெட்டிடலாமா? மாத்திரை போதுமா? இல்ல, பேசாம விட்டுடலாமா?"

நான் டாக்டர் இல்லை. பினாங்கில் ஆஸ்பத்திரி லேப்பில் 31 வருடம் ரத்தக் குழாயும் சிறுநீர்ப் புட்டியுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். கட்டி எவ்வளவு பெரிது என்பது இரண்டாவது கேள்வி. அது என்ன சுரக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் கத்தியையும் எடுக்கக் கூடாது, மாத்திரையையும் தொடங்கக் கூடாது, சும்மாவும் விடக் கூடாது.

அட்ரீனல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. ஒன்று நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் மேல்தோலில் வெளி அடுக்கு ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது. உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது அதன் வேலை. நடு அடுக்கு கார்ட்டிசோல், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு. உள் அடுக்கில் ஆண்பால் ஹார்மோன் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் சதையில் அட்ரீனலின். கட்டி எந்த அடுக்கில் முளைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஆளே வேறு மாதிரி நோயாளி ஆகிவிடுவார்.

சும்மா விடுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அதை யாரும் ஒரு வழியாகவே சொல்வதில்லை. வயிற்றுக்கு சி.டி. எடுக்கும் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இப்படித் தற்செயலாக ஒரு கட்டி தென்படும். வயதானவர்களில் இன்னும் அதிகம். பெரும்பாலானவை எதையும் சுரக்காத, எங்கும் பரவாத கொழுப்புக் கட்டிகள் மாதிரியானவை. அதைக் கண்டுபிடிக்க ஒரு எண் இருக்கிறது. மருந்து ஏற்றாமல் எடுத்த சி.டி. படத்தில் கட்டியின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளப்பார்கள். தண்ணீர் பூஜ்யம், கொழுப்பு அதற்கும் கீழே. கட்டி முழுக்க ஒரே சீராக 10 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது கேன்சர் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். 20க்கு மேல் போய், அளவும் 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் கதை வேறு. அங்கே கத்திதான் முதலில் பேசும்.

மச்சானின் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லை. இங்கேதான் ஒரு சின்ன உபாயம். கல்லுக்கு எடுக்கும் சி.டி. மருந்து ஏற்றாமல் எடுப்பது. அதனால் புதிதாக ஸ்கேன் வேண்டாம். பழைய படத்திலேயே ரேடியாலஜிஸ்ட் அளந்து சொல்லிவிடலாம். கேட்டோம். 6 என்று வந்தது. காசு கேட்கவில்லை, ஒரு போன் காலோடு முடிந்தது. அன்று ராத்திரிதான் அவன் பெண்சாதி சாப்பிட்டாள்.

கேன்சர் இல்லை, எதுவும் சுரக்கவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டியதுகூட இல்லை என்று 2023இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. "விடுவது" சோம்பேறித்தனம் இல்லை. அதற்குத் தகுதி வேண்டும். மச்சானுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க மூன்று டெஸ்ட்.

முதலில் அட்ரீனலின். அது அதிகமாகச் சுரக்கும் கட்டிக்கு ஃபியோக்ரோமோசைட்டோமா என்று பெயர். திடீர் திடீரென்று தலைவலி, நெஞ்சு படபடப்பு, சட்டை நனையும் வியர்வை, கூடவே ஏறி இறங்கும் பிரஷர். இது தெரியாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே பிரஷர் எகிறி உயிர் போகலாம். ஊசியால் குத்திச் சதை எடுப்பதும் அப்படித்தான். இதை உறுதி செய்தபின் அறுவைக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் ஆல்பா பிளாக்கர் என்ற வகை பிரஷர் மாத்திரை கொடுத்துத் தயார் செய்ய வேண்டும். பீட்டா பிளாக்கர் என்ற இன்னொரு வகையை முந்திக்கொண்டு கொடுக்கக் கூடாது. கண்டுபிடிக்க ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் பார்ப்பார்கள், அட்ரீனலின் சிதைந்து வரும் பொருள் அது.

அந்தச் சிறுநீர்ப் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் போக முடியாது. காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு மணியைக் குறிக்க வேண்டும். அப்புறம் மறுநாள் அதே மணி வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும், மறுநாளின் முதல் சிறுநீரும் சேர்த்து. எங்கள் கவுண்டருக்கு வந்த புட்டிகளில் எத்தனையோ முதல் சிறுநீரையும் சேர்த்துப் பிடித்தவை. பாதி நாள் வேலைக்குப் போய் அங்கே மறந்து போனவை இன்னும் அதிகம். இந்த டெஸ்ட்டுக்கான புட்டிக்குள் பல லேப்களில் அமிலம் ஊற்றியிருக்கும், நேராகப் புட்டிக்குள் போகக் கூடாது. ஒரு பெரியவர் அதைப் பழைய தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிக் கழுவி, பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். அவரைத் திட்டவா முடியும்? அடர்த்தி 6 என்பதால் மச்சானுக்கு இது இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். இருந்தாலும் டாக்டர் ஒரு தடவை பார்த்தார். சரியாக இருந்தது.

இரண்டாவது, கார்ட்டிசோல். இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மி.கி. மாத்திரை ஒன்று, மறுநாள் காலை எட்டு, ஒன்பதுக்குள் ரத்தம். நல்ல சுரப்பி அந்த மாத்திரையைப் பார்த்து அடங்கிவிடும். கார்ட்டிசோல் 50 நேனோமோலுக்குக் கீழே வந்தால் கட்டி அடங்குகிறது என்று அர்த்தம். அடங்கவில்லை என்றால் குஷிங் நோய்க்குறி பக்கம் யோசிக்க வேண்டும். முகம் வட்டமாக உப்புவது, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலும் கன்றிப்போவது, குந்தி உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாதது. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வருவதை மட்டும் வைத்து இது என்று சொல்லிவிட முடியாது. நம்மூரில் அது யாருக்குத்தான் இல்லை.

இந்த முக உப்பலைப் பற்றிச் சொன்னதும் மச்சானின் பெண்சாதி, "அண்ணே, அப்ப எங்க அத்தைக்கு?" என்றாள். அத்தை என்றால் என் மாமியார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லேப்பில் 31 வருடம் இருந்தவன் வீட்டுக் கிழவியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டு வலிக்கு பாசார் மாலாமில் (ராத்திரிச் சந்தையில்) பெயர் தெரியாத ஒருவனிடம் வாங்கிய மூலிகைக் குளிகை, ஒரு வருடமாக. அதைச் சாப்பிட்டால் வலி மாயமாகப் போகிறதாம், பசியும் நன்றாக எடுக்கிறதாம். அப்படிச் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும். பெட்டியில் மலேசிய அரசாங்கத்தின் 'மால்' மருந்துப் பதிவெண்ணும் இல்லை, ஹாலோகிராம் ஒட்டியும் இல்லை. டெக்ஸாமெத்தசோன் கலந்த இப்படிப்பட்ட பொருள்களைச் சுகாதார அமைச்சு பிடித்துப் பிடித்து எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. குஷிங் முகத்துக்குக் கட்டியைவிடப் பொதுவான காரணம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டுதான்.

இங்கேயும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? மச்சான் அந்தக் குளிகையைத் தூக்கிக் குப்பையில் போடப் போனான். தடுத்தேன். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் சொந்தச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசோலே இருக்காது. வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம், ஒரு காய்ச்சல் வந்தால் போதும், ஆளே போய்விடலாம். குளிகையோடு டாக்டரிடம் போனோம். அவர் அளவு தெரிந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, அதைப் படிப்படியாக இறக்கி, காலை நேரக் கார்ட்டிசோலைப் பார்த்துக்கொண்டு வருகிறார். 300 நேனோமோலைத் தாண்டினால் சுரப்பி விழித்துவிட்டது என்று கணக்கு. 150க்குக் கீழே இருந்தால் மாத்திரை தொடரும். போன மாதம் 190. கிழவி "குளிகையே நல்லா இருந்துச்சு" என்று இன்னும் புலம்புகிறார்.

தாமஸ் அடிசன் 1855இல் எழுதிய நோயும் இதே பற்றாக்குறைதான், ஆனால் அங்கே சுரப்பியே அழிந்துபோகிறது. எடை குறைவது, சோர்வு, உப்பு நாக்குக்குக் கேட்டுக்கொண்டே இருப்பது, ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது. தோல் கறுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வெள்ளைக்காரனுக்கு அது சட்டென்று தெரியும். நம் தோலில் எங்கே பார்ப்பது? ஈறு, உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, பழைய தழும்பு. பழைய காசநோய் உள்ளவர் என்றால் கூடுதல் கவனம், சுரப்பியை அழிக்கும் காரணங்களில் காசநோய் முக்கியமானது.

சரி, மூன்றாவது டெஸ்ட்டுக்கு வருகிறேன், ஆல்டோஸ்டீரோன். மச்சானின் விஷயமே அங்கேதான் இருந்தது.

46 வயது. 38லேயே பிரஷர். இப்போது மூன்று மாத்திரை, அப்படியும் 150க்குக் கீழே இறங்குவதில்லை. கால் பிடிப்பு, ராத்திரி மூன்று தடவை எழுந்து போவது. பொட்டாசியம் 3.1, குறைவு. இது ஆல்டோஸ்டீரோன் கூடியவரின் ஜாதகம். அமெரிக்காவில் ஜெரோம் கான் 1955இல் எழுதியது, அவர் பெயரிலேயே கான் நோய்க்குறி. ஒரு விஷயம்: பொட்டாசியம் குறைந்தால்தான் இந்த நோய் என்று நினைக்கக் கூடாது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலே பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டேன்: "அதிமதுரம் ஏதும் சாப்பிடுறியா?" இருமலுக்கு நாம் மெல்லும் அதிமதுரமும், சீன மருந்துக் கடையில் எதற்கெடுத்தாலும் போடும் காம் சோவும் ஒரே வகை வேர்தான். தினமும் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஆல்டோஸ்டீரோன் கட்டி மாதிரியே இருக்கும். ஆனால் டெஸ்ட்டில் ஆல்டோஸ்டீரோனும் குறைவாக வரும். மச்சான் சாப்பிடுவதில்லை.

டெஸ்ட் எளிது, தயாராவதுதான் கஷ்டம். ரெனின் என்பது சிறுநீரகம் விடுவது, ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கத் தூண்டுவது அதுதான். கட்டி தன்னிஷ்டத்துக்குச் சுரந்தால் ரெனின் அமுங்கிவிடும். அதனால் ஆல்டோஸ்டீரோனையும் ரெனினையும் சேர்த்துப் பார்த்து விகிதம் போடுவார்கள். எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு ரத்தம். உப்பைக் குறைத்துக்கொண்டு போகக் கூடாது. பினாங்கு நாசி கண்டார் கறிச்சோறு சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. பீட்டா பிளாக்கர் ரெனினை அமுக்கிவிடும், அதனால் அவனுடைய பிசோப்ரோலோலை டாக்டர் மாற்றி டாக்ஸாசோசின் கொடுத்தார். பொட்டாசியத்தை முதலில் ஏற்றிவிட்டார். ரெனின் குழாயை ஐஸில் வைத்தால் அளவு பொய்யாக ஏறும், கார்ட்டிசோலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் குழாயை ஐஸில் வைக்காவிட்டால் அளவு இறங்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிய கிளினிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரிசல்ட் நம்ப முடியாததாக இருந்தால் நோயாளியைக் கேட்பதற்கு முன்னால் குழாய் வந்த வழியைக் கேளுங்கள்.

ரெனின் தரைதட்டிக் கிடந்தது, ஆல்டோஸ்டீரோன் மேலே. நான்கு மணி நேரத்தில் 2 லிட்டர் சலைன் ஏற்றியும் ஆல்டோஸ்டீரோன் இறங்கவில்லை. நோய் உறுதி.

இப்போதுதான் உண்மையான தேர்வு. கத்தியா, மாத்திரையா?

மாத்திரை என்றால் ஸ்பைரோனோலாக்டோன். ஆல்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும், மலிவு, ஜி.எச். என்று நாங்கள் சொல்லும் அரசாங்கப் பொது மருத்துவமனை பார்மசியிலேயே கிடைக்கும். இரண்டு பக்கச் சுரப்பியும் சேர்ந்து சுரந்தால் இதுதான் ஒரே வழி. குறை என்னவென்றால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கும், அளவு கூடக் கூட அதுவும் கூடும். எப்ளெரெனோனில் அது குறைவு, ஆனால் விலை கூட. இன்னொரு நுணுக்கம்: பிரஷர் இறங்கிவிட்டது என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளக் கூடாது, அமுங்கிக் கிடக்கும் ரெனின் எழுந்திருக்கும் வரை மருந்தின் அளவை ஏற்ற வேண்டும். ரெனின் எழாதவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறையவில்லை என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. நம் கிளினிக்குகளில் மாத்திரையைக் கொடுத்த பிறகு ரெனினைத் திரும்பப் பார்ப்பது அரிது.

கத்தி என்றால் ஒரு பக்கச் சுரப்பியை முழுதாக எடுப்பது. சில நாள் ஆஸ்பத்திரி, சில வாரம் ஓய்வு. பல நாடுகள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, எடுத்த பிறகு 94 விழுக்காட்டினருக்கு ஹார்மோன் கோளாறு முற்றிலும் சரியாகிவிட்டது. ஆனால் மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 விழுக்காடுதான். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு மாத்திரை குறைந்தது அல்லது பிரஷர் இறங்கியது. "வெட்டினா பிரஷரே போயிடும்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். இளவயதுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் பலன் கூடுதல்.

ஆனால் எந்தப் பக்கம் வெட்டுவது? சி.டி.யில் இடது பக்கம் கட்டி இருக்கிறதே என்றால், அது போதாது. படத்தில் தெரியும் கட்டி ஊமையாக இருந்து, படத்தில் தெரியாத எதிர்ப்பக்கம் சுரந்துகொண்டிருக்கலாம், அல்லது இரண்டும் சுரக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்கு சி.டி. சொல்வதும் ரத்தம் சொல்வதும் முரண்படுகின்றன. 35 வயதுக்குக் கீழே, பொட்டாசியமும் நன்றாகக் குறைந்து, ஒரு பக்கம் தெளிவாகக் கட்டி இருந்தால் மட்டும் நேராக வெட்டலாம். மற்றவர்களுக்கு அட்ரீனல் ரத்தக்குழாயிலேயே மாதிரி எடுக்க வேண்டும். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு இரண்டு சுரப்பியிலிருந்தும் தனித்தனியாக ரத்தம். இடது பக்கம் எளிது. வலது பக்கக் குழாய் குட்டையானது, பெருஞ்சிரையில் நேராகப் போய்ச் சேர்வது, அதைப் பிடிப்பதற்கே கைப்பழக்கம் வேண்டும். சரியான இடத்தில்தான் எடுத்தார்களா என்று பார்க்கக் கார்ட்டிசோலையும் சேர்த்து அளப்பார்கள். குழாய்கள் மேசையில் வரிசையாக நிற்கும். இடது லேபிளை வலதில் ஒட்டிவிட்டால் நல்ல சுரப்பி குப்பைக்குப் போகும்.

வியாழக்கிழமையே வெட்டிவிடலாம் என்ற யோசனையில் எனக்குப் பிடிக்காதது இதுதான். சர்ஜன் கெட்டவர் இல்லை, கை சுத்தமானவர் என்றுதான் கேள்வி. ஆனால் ஒரு டெஸ்ட்டும் செய்யாமல் தேதி குறிப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கே போவது என்பதிலும் வீட்டில் வாக்குவாதம். தனியாரில் வேகம், ஆனால் பல இன்சூரன்ஸ் கார்டுகள் வார்டில் படுத்தால்தான் பணம் கட்டும். இந்த டெஸ்ட்டுகளோ முக்கால்வாசி வெளிநோயாளி டெஸ்ட்டுகள். வெட்டுக்குக் காசு உண்டு, வெட்ட வேண்டுமா என்று பார்ப்பதற்குக் காசு இல்லை! ஜி.எச்.சில் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் சொற்பம். காத்திருக்க வேண்டும், ஆனால் 6 என்று அடர்த்தி வந்த 18 மி.மீ. கட்டி சில மாதம் காத்திருக்கும். அதுவரை பிரஷரையும் பொட்டாசியத்தையும் மட்டும் கவனித்தால் போதும். ரத்தக்குழாய் மாதிரிக்குக் கோலாலம்பூர் பக்கம்தான் போனோம். செராசிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இதில் பழகிய இடம். காலை பஸ்ஸில் போய்த் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டார்கள். எண்டோகிரைன் என்ற ஹார்மோன் டாக்டரை விட்டுவிட்டு நேராக சர்ஜனிடம் போவதைவிட, இந்த அலைச்சலே மேல் என்பது என் கட்சி.

என் மனசுக்குள் ஒரு கணிப்பு இருந்தது: இரண்டு பக்கமும் சுரக்கும், மாத்திரையோடு முடிந்துவிடும் என்று. கத்தி மேல் எனக்குள்ள பயமாகவும் இருக்கலாம். ரிசல்ட் வந்தபோது இடது பக்கம் வலதைவிடப் பல மடங்கு, வலது அமுங்கிக் கிடந்தது. சர்ஜன் சொன்ன அதே இடது. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான்: "ரெண்டு மாசம் அலைய வச்சுட்டீங்களே மாமா." உண்மைதான். இடையில் அவனுக்கு டெக்ஸாமெத்தசோன் டெஸ்ட்டும் சரியாக வந்திருந்தது. அது முக்கியம், கட்டி கார்ட்டிசோலையும் சேர்த்துச் சுரந்திருந்தால், எடுத்த அன்றே மறு சுரப்பி தூங்கிக்கொண்டிருக்க, ஹைட்ரோகார்ட்டிசோன் இல்லாமல் ஆள் மயங்கி விழுந்திருப்பான்.

46 வயதில், ஒரு பக்கம் மட்டும் என்று தெரிந்த பிறகு நானும் கத்திக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இன்னும் முப்பது வருடம் மாத்திரையும் ரெனினும் துரத்திக்கொண்டு திரிவதைவிட அது மேல். 70 வயது என்றால், அல்லது இதயம் பலவீனமானவர் என்றால், ஒரு பக்கமாகவே இருந்தாலும் மாத்திரையைத்தான் சொல்லியிருப்பேன்.

தேதி தைப்பூசம் கழிந்து இரண்டாவது வாரம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அவன் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், டாக்டரும் சரி என்றுவிட்டார், பொட்டாசியம் மாத்திரையை மட்டும் மறக்கக் கூடாதென்று. அவன் பெண்சாதி ஐஸ் பெட்டியில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள், என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. ஆப்பரேஷன் முடிந்ததும் பொட்டாசியம் மாத்திரையையும், அதுவரை கொடுத்துவந்த ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்திவிட்டார்களா என்று வார்டில் கேட்க வேண்டும். முதல் சில வாரம் உப்பைக் குறைக்கக் கூடாது. வாராவாரம் பொட்டாசியம் பார்க்க வேண்டும், இந்தத் தடவை ஏறுகிறதா என்று. கடைசி வரி அவளே சேர்த்தது: ரத்தம் எடுக்கும்போது கையை மூடித் திறக்கச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லவும்.